வேலியே பயிரை மேய்ந்தால்...



சில திங்களுக்கு முன் இல்லச் சந்திப்பின்போது ஒரு குடும்பத்திற் கண்டதை முதலிற் கூறிவிடுகிறேன். அவ்வீட்டுத் தாய் ஐம்பது வயதைத் தாண்டாதவர். ஓராண்டாக இரு கைவிரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு செம்பைக்கூடப் பற்றித் தூக்க இயலாமல் துன்புற்று வந்தார். மருத்துவர் சோதித்து, இது முடக்குவாதம் என்று கண்டு, வாரம் ஒருமுறை உண்ணும்படி ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். மருந்துப் பெட்டியினுள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்த மூத்த மகன் திடுக்கிட்டுப் போனான். அம்மருந்து புற்றுநோய்க்கும் தரப்படுவது என்றும், உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பது என்றும் அதில் அச்சிட்டிருந்தது. மாத்திரைகள் அலமாரியின் பின்புறம் ஒதுங்கின. நான்கு திங்கள் அப்படியே கழிந்தன.

நான் விடைபெற்றுக் கிளம்பியபோது அம்மகன் வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலிற் கேட்டான்: “சாமி, அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை எங்களிடம் மறைக்கிறார்களா? அப்படி இல்லையென்றால், நோயாளியின் எதிர்ப்புச் சக்தியையே குறைக்கிற மருந்தை யாராவது கொடுப்பார்களா?”

“ஒன்றையும் மறைக்கவில்லை, தம்பி. நாளையே அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த மருத்துவரிடம் போய் இதையே கேள்” என்று மட்டும் அன்று என்னாற் சொல்ல முடிந்தது. அவனுடைய இரண்டாம் வினாவிற்கு விடை கூறும் அறிவு அப்போது என்னிடம் இல்லை. பின்னர் மருத்துவ அன்பர்களிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டதை இத்திங்கள் உங்கள்முன் வைக்கிறேன். அந்த விடையின் பெரும்பகுதி மனிதர்களிடமிருந்து வரவில்லை, எலிகளிடமிருந்து வந்தது.

உடலைக் காக்கும் வேலி

தோட்டத்திற்கு வேலி எப்படியோ அப்படியே நம் உடலுக்கு எதிர்ப்பாற்றல். குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் வாழும் வெள்ளணுக்களும், அவை சுரக்கும் எதிர்ப்பொருள்களும் சேர்ந்து அமைந்த காவல் அது. எது தன்னுடையது, எது அயலது என்று பிரித்தறிவதே அக்காவலின் முதற்கடமை. கிருமி நுழைந்தால் அடையாளம் கண்டு எதிர்க்கும். தன் உடலின் உறுப்புகளைத் தொடாது விட்டுவிடும்.

முடக்குவாதத்தில் இவ்வொழுங்கு தடம் மாறுகிறது. காவலணுக்கள் மூட்டின் உட்சவ்வை அயலானாக எண்ணித் தாக்குகின்றன. சவ்வு தடித்து வீங்குகிறது; நாளடைவில் குருத்தெலும்பை அரிக்கிறது; பின்னர் எலும்பையும் குடைகிறது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை. முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு வேறு, இது வேறு. நூறு பேரில் ஒருவர் என்னும் அளவுக்கு இந்நோய் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. அடுப்பும் குழந்தையும் அவர்கள் கைகளையே நம்பியிருக்கும் நடுவயதிலேயே பலருக்கு வந்துவிடுகிறது.

மேய்வது வேலிதான் என்பதை அறிஞர்கள் எவ்வாறு கண்டார்கள்?

எலிகள் கற்பித்த பாடம்

ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் என்பவர், எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் ஒரு கலவையைச் செய்திருந்தார். காசநோய்க் கிருமிகளைக் கொன்று, உலர்த்தி, எண்ணெயிற் குழைத்தது அது. 1956-ஆம் ஆண்டு கலிபோர்னியாவைச் சேர்ந்த கார்ல் பியர்சன், இக்கலவையை எலிகளின் தோலினுள் ஒரே ஒருமுறை செலுத்தினால் விளைவது என்ன என்பதை விளக்கி எழுதினார். பத்துப் பதினான்கு நாள் எலி நலமாகவே இருக்கும். அதன்பின், ஊசி படாத தொலைவிலுள்ள பாதங்களும் கணுக்கால்களும் சிவந்து வீங்கும். எலி காலை ஊன்ற இயலாமல் நொண்டும்.

உட்சென்ற கிருமிகளோ செத்தவை. பெருகவும் மாட்டா, காசநோயைத் தரவும் மாட்டா. அப்படியாயின் மூட்டை வீங்கச் செய்தது யார்? 1963, 1964-ஆம் ஆண்டுகளில் இதற்கு விடை கிடைத்தது. நோயுற்ற எலியின் நிணநீர்க் கணுக்களிலிருந்து உயிருள்ள காவலணுக்களை எடுத்து, அதே இனத்தைச் சேர்ந்த நலமான எலிக்குச் செலுத்தினார்கள். நலமான எலிக்கும் மூட்டுகள் வீங்கின. நோயை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து சென்றது காவலணுவே என்பது கண்கூடாயிற்று.

1977-இல் டிரென்தம், டவுன்ஸ், காங் என்னும் மூவர் மேலும் ஒருபடி சென்றனர். குருத்தெலும்பின் சட்டமாக விளங்கும் கொலாஜன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்து எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தினர். அப்புரதத்தை எதிர்க்கக் கற்றுக்கொண்ட காவலணுக்கள், எலியின் சொந்த மூட்டிலுள்ள அதே புரதத்தின்மீதும் பாய்ந்தன, மூட்டழற்சி உண்டாயிற்று. அன்றுமுதல் இவ்விரு முறைகளும், முடக்குவாத மருந்துகளை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக உலகெங்கும் பயன்பட்டு வருகின்றன.

உரைத்துப் பார்ப்பது எவ்வாறு எனில், பாதம் ஒவ்வொன்றுக்கும் வீக்கத்திற்கேற்ப 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். நான்கு பாதங்களும் முற்றிலும் கெட்டுவிட்டால் 16. பாதத்தின் தடிப்பையும் அளப்பார்கள். பின்னர் எலும்பு அரிந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியிற் காண்பார்கள். மருந்து பெற்ற எலிகளையும் பெறாத எலிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போது, மருந்தின் உண்மை வெளிப்பட்டுவிடும்.

புற்றுநோய் மருந்து இங்கே வந்தது எப்படி?

இப்போது அம்மகனின் வினாவிற்கு வருவோம். புற்றணு ஓயாமற் பிளந்து பெருகுவது. அக்காலப் புற்றுநோய் மருந்துகள் அப்பெருக்கத்தைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் உடலில் விரைந்து பெருகுவது புற்றணு மட்டுமன்று. எதிரியைக் கண்டு விழித்த காவலணுவும் அவ்வாறே பல்கிப் பெருகும். 1959-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் ஷ்வார்ட்ஸ், வில்லியம் டேமஷேக் என்னும் இருவர், இரத்தப் புற்றுக்குத் தரப்பட்ட மெர்க்காப்டோபியூரின் என்னும் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தனர். அயற் புரதம் ஒன்றையும் ஊசியிற் செலுத்தினர். மருந்து பெற்ற முயல்களில் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. காவலை அடக்கும் மருத்துவம் இவ்வாறுதான் வேரூன்றியது.

மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுத்தபோது வீக்கம் குறைந்தது. சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்ஸேட் ஆகியவற்றுக்கு இது நன்கு காட்டப்பட்டுள்ளது. இவற்றுள் மெத்தோட்ரெக்ஸேட் என்பதே அத்தாயின் அலமாரியில் ஒதுங்கிக் கிடந்த மாத்திரை. இதன் பிறப்பில் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் தலைமையில் உழைத்த குழுவினரே இம்மருந்தையும், இதன் மூத்த உறவான அமினோப்டெரினையும் ஆக்கித் தந்தவர்கள். 1948-இல் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரினால் குழந்தைகளின் இரத்தப் புற்றைத் தற்காலிகமாகவேனும் தணிக்க முடியும் என்று காட்டினார். 1951-இல் அதே மருந்து முடக்குவாத நோயாளிகளின் வீக்கத்தையும் குறைக்கிறது என்று கப்னர் என்பவரும் உடன் பணியாற்றியோரும் அறிவித்தனர். எனினும் மூட்டுநோய்க்கு நஞ்சையொத்த மருந்தா என்ற அச்சத்தால் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அது பரவலாகக் கையாளப்படவில்லை. 1985-இல் சிறிய அளவைக் கொண்டு முறையாக நடத்திய ஆய்வு நற்பயனைக் காட்டிற்று. 1988-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது.

அந்த அளவு எவ்வளவு என்பதையும் அறிதல் நன்று. முடக்குவாதத்திற்கு வாரத்திற்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. சில புற்றுநோய்களுக்கோ ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் செலுத்துவதுண்டு. அதே கத்தியால் கனியையும் நறுக்கலாம், மரத்தையும் வெட்டலாம் அல்லவா? மருந்தின் பெயர் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று.

நார்வே நாட்டு மண்

அணுக்களின் பெருக்கத்தையே தடுக்கும் மருந்துகளில் ஒரு குறை உண்டு. காவலணுவோடு, குருதியை உண்டாக்கும் எலும்பு மச்சையும் பாதிக்கப்படலாம். குறிப்பிட்ட காவலணுவை மட்டும் அமைதிப்படுத்தும் மருந்து கிடைக்காதா என்று ஏங்கியிருந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த சான்டோஸ் மருந்து நிறுவனத்திற்கு ஒரு பிடி மண் வந்து சேர்ந்தது. 1969-இல் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் விடுமுறைக்கு நார்வே நாட்டின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்திற்குச் சென்றபோது கொண்டுவந்த மண் அது. அதில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து கிடைத்ததே சைக்ளோஸ்போரின். அதன் அடக்கும் ஆற்றல் 1972-இல் தெரியவந்தது. 1976-இல் ஜான் ஃபிரான்சுவா போரெலும் உடன் உழைத்தோரும் அதை உலகிற்கு அறிவித்தனர். டி-அணு என்னும் காவலணு, தன் துணைவர்களை அழைப்பதற்கு எழுப்பும் குரலை அம்மருந்து அடக்கிவிடுகிறது, அணுவைக் கொல்வதில்லை. அவர்கள் அன்று சோதித்துப் பார்த்தவற்றுள் ஃபிராய்ண்ட் கலவையால் மூட்டழற்சியுற்ற எலிகளும் இருந்தன. அவற்றின் நோய் தணிந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரைக் காத்துவரும் அம்மருந்து, முடக்குவாதத்திலும் சிலருக்குப் பயன்பட்டது.

அதேபோல் லெஃப்ளுனோமைடு என்னும் மருந்து எலியின் மூட்டழற்சியைக் கட்டுப்படுத்துவது 1985-இல் வெளியிடப்பட்டது. 1998-இல் மனித மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எலியின் பாதத்திலிருந்து மனிதனின் கைக்கு வந்து சேரப் பதின்மூன்று ஆண்டுகள்!

நாளும் ஒரு மருந்தே

இவ்வாய்வுகளுள் என் நெஞ்சைத் தைத்தது 1983-இல் வெளியான ஒன்று. கொலாஜன் ஊசி போட்ட நாளிலிருந்தே, பதினான்கு நாள் சைக்ளோஸ்போரின் பெற்ற எலிகளுக்கு மூட்டழற்சி அடக்கப்பட்டது. நோய் தோன்றிய பின்னரே அம்மருந்தைப் பெற்ற எலிகளுக்கோ நோய் மேலும் கடுமையாயிற்று. மருந்து ஒன்றே, எலியினமும் ஒன்றே, தொடங்கிய நாள் மட்டுமே வேறு.

இதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடலாகாது. எலிக்கு நோய் தொடங்கும் நாளை ஆய்வாளர் அறிவார். ஏனெனில் ஊசி போட்டவரே அவர்தாம். மனிதனுக்கு அந்த நாள் ஒருவருக்கும் தெரியாது. எலியின் அழற்சி பல வேளைகளில் தானே தணியும். மனிதனின் முடக்குவாதமோ வாழ்நாள் முழுதும் தொடரக்கூடியது. எலியிடம் வென்ற மருந்தெல்லாம் மனிதனிடம் வென்றதுமில்லை. டி-அணுக்களுள் ஒருவகையைக் குறிவைத்த எதிர்ப்பொருள்கள் விலங்குகளிற் பெரும் நம்பிக்கை அளித்து, 1990-களில் நோயாளிகளிடம் சோதித்தபோது ஏமாற்றத்தையே தந்தன. மறுபுறம், நோய் தோன்றிய பிறகும் தணிக்கும் மருந்துகளும் உண்டு. 1992-இல் வில்லியம்ஸ், ஃபெல்ட்மன், மைனி ஆகியோர் லண்டனில், அழற்சியைப் பரப்பும் டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுத்து, ஏற்கெனவே வீங்கிய சுண்டெலிப் பாதங்களையும் தேற்றிக் காட்டினர். அதே ஆண்டு அங்கேயே நோயாளிகளுக்கும் அம்முறை தொடங்கிற்று.

ஆயினும் எல்லா ஆய்வுகளிலும் ஊடுருவி நிற்கும் உண்மை ஒன்றே. மருந்து வீக்கத்தைத் தணிக்கும். அரிந்துபோன எலும்பைத் திரும்ப வளர்த்துத் தராது. எனவேதான் நோய் தொடங்கிய முதற்சில திங்களுக்குள் மருந்து தொடங்குவது இன்று வலியுறுத்தப்படுகிறது. அலமாரியில் உறங்கிய அந்த நான்கு திங்களை நினைக்கும்போது என் மனம் கனக்கிறது.

வேலியைத் தாழ்த்தினால்...

பயிரை மேயும் வேலியைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் வேலி தாழ்ந்த தோட்டத்திற்குள் வெளிமாடு நுழையும் என்பதை எந்த உழவனும் மறப்பதில்லை. காவலை அடக்கும் மருந்து உண்பவரைத் தொற்றுநோய்கள் எளிதிற் பற்றக்கூடும். 2001-இல், டி.என்.எஃப். தடுப்பு மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் கண்ட செய்தி வெளியாயிற்று. அவர்களுட் பலருக்கு, உடலில் அடங்கிக் கிடந்த பழைய கிருமியே காவல் தளர்ந்ததும் தலைதூக்கியதென்று கருதினர். செத்த காசநோய்க் கிருமியைக் கொண்டு எலிக்கு மூட்டுநோயை உண்டாக்கி மருந்து தேடினோம். கண்டெடுத்த மருந்து, உயிருள்ள காசநோய்க் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடக்கூடும் என்று பின்னர் அறிந்தோம். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இது வெறும் வியப்புக்குரிய செய்தியன்று. இம்மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்வது இதனாலேயே.

இன்னும் ஒரு கடன் எஞ்சியிருக்கிறது. நொண்டிய அந்த எலிகள் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. அவற்றின் வலி வலியே. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இங்கிலாந்து அறிஞர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர்: இயன்றவிடத்து விலங்கின்றியே ஆய்க, விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க, அவற்றின் துன்பத்தைத் தணிக்க. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், மனித உயிரைப் பேணுவதற்காக நியாயமான எல்லைக்குள் விலங்காய்வை ஏற்றுக்கொள்கிறது. தேவையின்றி விலங்குகளை வருத்துவது மனித மாண்புக்கே ஒவ்வாதது என்றும் கூறுகிறது. இத்துணை விலை கொடுத்துப் பெற்ற மருந்தை அச்சத்தால் அலமாரியிற் பூட்டி வைப்பதும் ஒருவகையில் நன்றி மறத்தலே.

இல்லங்களுக்குச் சில சொற்கள்

இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு நெடுநேரம் நீடித்து, ஆறு வாரத்திற்கு மேலும் தொடர்ந்தால், ‘வாயு’ என்றும் ‘வயது’ என்றும் தள்ளிப்போடாமல் மருத்துவரைக் காணுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்திற்கு ஒருநாள் மருந்து. தவறி நாள்தோறும் உண்டவர்கள் உயிரிழந்ததும் உண்டு. வீட்டு நாட்காட்டியில் அந்த ஒரு கிழமையை வட்டமிட்டு வையுங்கள். மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை ஒருவரே ஏற்றுக்கொள்ளுங்கள். உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளிற் கொடுங்கள். கருவுற்றவர்களும் கருவுற விரும்புவோரும் இம்மருந்தை உண்ணலாகாது. மருத்துவரிடம் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

குறித்த காலத்தில் இரத்தச் சோதனை செய்வது வீண் செலவன்று. கல்லீரலும் குருதியணுக்களும் நலமாயிருப்பதை அறிய வேறு வழியில்லை. காய்ச்சலோ நீங்காத இருமலோ கண்டால் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பக்கத்து வீட்டாருக்குப் பயன்பட்டதென்று அவருடைய மாத்திரையை வாங்கி உண்ணாதீர்கள். பெயரறியாத பொடிகளையும் நம்பாதீர்கள். ஒரே நாளில் வலி பறந்துவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறுவதே அறிவுடைமை.

அத்தாய் இப்போது மாத்திரையை ஒழுங்காக உண்கிறார். வீக்கம் வற்றிவிட்டது. வலக்கையின் இரு விரல்கள் மட்டும் வளைந்தவை வளைந்தவாறே நிற்கின்றன. சென்ற வாரம் கோவில் வாசலிற் கண்டபோது அம்மகன் என்னிடம் கேட்டான்: “முதலிலேயே கொடுத்திருந்தால் அந்த விரல்கள் நேராக இருந்திருக்குமா, சாமி?” இருந்திருக்கலாம் என்பதே உண்மை. அந்த உண்மையைச் சொல்லி அவன் மனத்தை வருத்த எனக்கு வாய் எழவில்லை. “இனிமேல் ஒரு வாரமும் தவறாதே, தம்பி” என்றேன். உங்கள் வீட்டு அலமாரியின் பின்புறத்திலும் இப்படி ஒரு மாத்திரைப் பெட்டி கிடக்குமாயின், இவ்வேட்டை மூடிவைத்துவிட்டு முதலில் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.